இரண்டு ஆள் தூக்கும் கனம்

தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது என்று சொன்னால் ஊரில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். நம்பிவிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் அது பொய். நஞ்சம்மாள் போய் நாலு வருஷமாகியும் எனக்கு ஒன்றும் பழகவில்லை. சோறு வடிக்கத் தெரிந்துகொண்டேன், துணி அலசத் தெரிந்துகொண்டேன். பேச ஆள் இல்லாமல் ஒரு பொழுதைத் தள்ள மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அவள் இருந்தவரை நான் மாட்டுவண்டிக்காரன். காங்கேயத்துப் பக்கமிருந்து ஈரோட்டுக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டு ஆறு வண்டிகள் வரிசையாகப் போவோம். எனக்கு முன்வண்டி சென்னிமலையுடையது. இருபது வருஷம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவன் திரும்பாமலே பேசுவான், நான் இருந்த இடத்திலிருந்தே கத்திப் பதில் சொல்வேன். பாதிப் பேச்சு காற்றில் போய்விடும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, மறுநாள் அதையே திரும்பப் பேசுவோம். அவன் என்னை மாப்ளே என்பான், நானும் அவனை மாப்ளே என்பேன். இரண்டு பேரில் யாருக்கு யார் பெண் கொடுத்தது என்று எங்கள் பெண்டாட்டிமார் சிரிப்பார்கள்.

நஞ்சம்மாள் செத்த பிறகு மாடுகளை விற்றுவிட்டேன். காலையில் தவிட்டுத் தண்ணீர் நேரத்துக்கு அவை இரண்டும் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. எங்களுக்கெல்லாம் பாரம் கொடுத்துக்கொண்டிருந்த மஞ்சள் வியாபாரி தம்பிதுரைக் கவுண்டர் அப்போதுதான் லாரி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மாடு இல்லாமல் சும்மா திரிகிறவன் நான் ஒருவன்தான் என்பதால், என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பி மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். 1937 தைமாதம் வண்டி வந்தது. சின்ன லாரி. முன்னால் இரண்டு பேர் உட்காரும் அறை, பின்னால் ஏழு மூட்டை கொள்ளும் திறந்த பெட்டி. கறுப்புச் சாயத்தில் முகம் தெரியும்.

ஊரே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. சென்னிமலை மட்டும் வரவில்லை.

வண்டிக்காரர்கள் மூன்று நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நான் ஒரு காலையில் சேர்த்துவிட்டு மத்தியானம் திரும்பிவிடுவேன். அந்த வேகத்தில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. வழியில் அவர்கள் ஐந்து வண்டியையும் தாண்டிப் போகும்போது ஹார்ன் அடிப்பேன். என் புழுதி அவர்கள் மேல் விழும். ஒரு நாள் நிறுத்தி, இறங்கி, "புழுதி கிளப்பிப்போட்டேன் மாப்ளே" என்றேன். சென்னிமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அதுக்கென்னங்க டிரைவரே, மோட்டாருன்னா புழுதி வரத்தானுங்க செய்யும்" என்றான்.

யாரோ மூன்றாம் மனிதனிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னான். அவன் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். லாரி அறைக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். பக்கத்து இருக்கையில் என் சோற்றுப் போசி மட்டும் இருந்தது. பாரம் பாதிக்கு மேல் லாரிக்கு வந்துவிட்டதால் அவன் ஒரு மாதமாக எருக்குப்பை ஓட்டிக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கவுண்டருக்கு ஏழு மூட்டை போதவில்லை. லாரிக்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிரெய்லர் செய்யச் சொன்னார். உக்கடம் குளத்துக்குப் போகிற வழியில் பட்டறை வைத்திருந்த கோவிந்தராஜுலு செய்து கொடுத்தான். பார்வைக்கு மாட்டுவண்டிதான். இரண்டு சக்கரம், ஒரே அச்சு, பத்து மூட்டை கொள்ளும் தட்டு. ஏர்க்காலுக்குப் பதில் இரும்புச் சட்டம், நுகத்தடிக்குப் பதில் லாரிக் கொக்கியில் விழும் வளையம், வளையம் கழன்றால் பிடிக்க ஒரு சங்கிலி. ஊரில் அதற்குக் குட்டி என்று பேர் வைத்தார்கள். தாய் பின்னால் குட்டி ஓடுகிறதாம்.

கோவிந்தராஜுலு என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது. வண்டியை ஒப்படைக்கும்போது சொன்னான்.

"ஏனுங்ண்ணா, நீங்க பழைய வண்டிக்காரரு. அதனாலதான் ரெண்டு தடவ சொல்றேன். மாட்டு வண்டியாட்ட இதுக்குச் சமபாரம் வெச்சுப்போடாதீங்க. கொக்கிக்கு ஏது கழுத்து, ஏது புண்ணு? பத்து மூட்டைன்னா அச்சுக்கு முன்னால ஆறு, பின்னால நாலு. சட்டத்தத் தூக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும், அந்தக் கனம் இருக்கோணும். பின்பாரம் ஏறுச்சுன்னா இறக்கத்துல குட்டி வாலாட்டும். ஆடுனா பிரேக்க மிதிக்காதீங்க. காலெடுத்துட்டு நேரா புடிச்சுட்டுப் போங்க, அதுவா அடங்கும்."

எனக்கு அது ஒரே தடவையில் புரிந்தது. மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோகும், பாரம் விஷயம் மறக்காது.

டிரெய்லருக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்றதும் கவுண்டர் "மூட்டை தூக்கற மாதிரி ஆராவது தாட்டியமான பையனா பாத்துக்க ராசப்பா" என்றார். எனக்குச் சென்னிமலைதான் வேண்டும் என்றேன். அவனுக்குப் பிழைப்புக் கொடுப்பதற்காக என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. அந்தப் பக்கத்து இருக்கையில் அவன் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று தடவை அவன் வீட்டுக்கு நடந்தேன். முதல் இரண்டு தடவையும் அவன் மாட்டுக்குத் தீனி போடுகிற சாக்கில் வெளியே வரவில்லை. மூன்றாவது தடவை அவன் பெண்டாட்டி மாசாணியம்மாளே உள்ளே போய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள். வந்து நின்றான்.

"லாரி உங்குளுது. பாரம் என்னுது" என்றான். "பாரத்துல நீங்க வாயத் தொறக்கக் கூடாதுங்க. தொறந்தா நான் எறங்கி நடந்துருவேன்."

"தொறக்கலே மாப்ளே" என்றேன். அப்போது அது எனக்குச் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது.

பங்குனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. சென்னிமலை பத்து மூட்டையையும் தானே முதுகில் தூக்கி டிரெய்லரில் அடுக்கினான். சந்து விடாமல், சரியாமல், மேல் மூட்டை கீழ் மூட்டைகளின் நடுவில் உட்காருகிற மாதிரி அடுக்க இந்தப் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இருபது வருஷத்தில் அவன் வண்டியிலிருந்து ஒரு மூட்டை கீழே விழுந்ததில்லை. அவன் மாடுகளின் கழுத்தில் ஒரு புண் வந்ததில்லை. அதற்காக ஊரில் அவனுக்கு ஒரு பேர் உண்டு.

அடுக்கி முடித்துக் கயிற்றை முறுக்கிவிட்டு, முன்னால் வந்து இரும்புச் சட்டத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். சும்மா எழுந்தது. சட்டம் இரும்பு, அதன் கனமே அதிகம் என்று பார்த்து, அதைச் சமன் செய்ய முன்னால் நாலு, பின்னால் ஆறு வைத்திருந்தான். மாட்டுவண்டி பழகியவன் எவனும் அப்படித்தான் வைப்பான். கழுத்தில் பாரம் உட்காரக் கூடாது, அதுதான் அவன் கற்ற முதல் பாடம்.

"பாரம் செரியா மாப்ளே?" என்றான்.

இரண்டு மாதம் கழித்து அவன் வாயில் மாப்ளே வந்தது.

நேர் தலைகீழாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு மூட்டையை முன்னால் நகர்த்தினால் சரியாகிவிடும் என்றும் தெரிந்தது. சொன்னால் இவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவான் என்பதும் தெரிந்தது. மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"செரியா இருக்குது மாப்ளே" என்றேன்.

அவன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். முதல் ஒரு மைல் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தான். அப்புறம் வாய் திறந்தது. எருக்குப்பை ஓட்டிய கதை, ஒரு தோட்டக்காரன் அவனைக் காக்க வைத்த கதை, அவனுடைய மயிலைக்காளை இப்போதெல்லாம் இடப்பக்கம் பூட்டினால் முரண்டு பிடிக்கிற கதை. கத்த வேண்டியதில்லை, காற்றில் ஒரு வார்த்தையும் போகவில்லை. வண்டி ஓட்டியபடி அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு அதுதான் முதல் தடவை. பேசும்போது அவன் இடப்பக்கப் புருவம் மேலே ஏறும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பத்து மைலும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிரெய்லர் அவ்வப்போது லாரியின் பின்பக்கத்தை மெல்ல இடமும் வலமும் இழுத்தது. எனக்குக் கையில் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

அறச்சலூரைத் தாண்டி ஒரு நீண்ட இறக்கம் உண்டு. அதன் தலைப்பில் "நிறுத்து மாப்ளே" என்றான். நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கினான்.

"எங்க போறே?"

"எறக்கமில்ல? பின்னால தொத்திக்கறேன்."

இறக்கத்தில் மாட்டுவண்டியின் பாரமெல்லாம் முன்னால் சரிந்து மாடுகளின் கழுத்தை அமுக்கும். அதனால் ஒருவன் பின்தட்டில் தொங்கிக்கொண்டு வருவான். அந்த ஒரு ஆள் கனம் கழுத்தைக் காப்பாற்றும். நானே ஆயிரம் தடவை தொங்கியிருக்கிறேன்.

"அதெல்லாம் வேண்டாம் மாப்ளே, சும்மா வந்து உள்ள உக்காரு" என்றேன்.

"உனக்கு ஸ்டேரிங்கு, எனக்குப் பாரம். என்ற வேலைய நாம் பாக்க வேண்டாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால், காலையில் நான் சொன்ன 'செரி' பொய் என்று தெரிந்துவிடும். அவன் பின்னால் போய்த் தொற்றிக்கொண்டு "போலாம்" என்று குரல் கொடுத்தான். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், லாரி இறங்கியது.

பாதி இறக்கத்தில் குட்டி ஆட ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், அப்புறம் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும். லாரியின் பின்சக்கரங்களையே தூக்கிப் போட்டது. நான் காலை எடுத்துவிட்டு நேராகத்தான் பிடித்திருந்தேன். கோவிந்தராஜுலு சொன்னபடி அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை அடங்கியிருக்கும். ஆனால் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்துவிட்டேன். சென்னிமலை ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, இரண்டு காலும் காற்றில் இருக்க, என்னையே பார்த்தான். நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

டிரெய்லர் சுற்றிக்கொண்டு வந்து கவிழ்ந்தது. சங்கிலி அறவில்லை, அது மட்டும் அதன் வேலையைச் செய்தது. நான் இறங்கி ஓடியபோது மூட்டைகள் கிழிந்து ரோடு முழுக்க மஞ்சள் சிதறிக் கிடந்தது. சென்னிமலையின் வலதுகால் மேல் மூன்று மூட்டை கிடந்தன. அவன் அலறவில்லை. "மூட்டை உளுந்துபோச்சு மாப்ளே" என்றான்.

எதிரே ஈரோட்டிலிருந்து காலி வண்டிகள் வந்தன. எங்கள் பழைய கூட்டாளிகள்தான். அவர்கள்தான் மூட்டைகளை இழுத்துப் போட்டு அவனைத் தூக்கினார்கள். லாரியில் ஏற்றுங்கள், சீக்கிரம் போய்விடலாம் என்று நான் கெஞ்சினேன். வேண்டாம், வண்டியிலேயே போகிறேன் என்று சென்னிமலை தலையை ஆட்டிவிட்டான். வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து, எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் வீட்டுக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் டிரெய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு, லாரியை மாட்டு நடைக்குப் பின்னாலேயே ஊர்ந்தபடி ஓட்டினேன்.

முறிந்த கால் கூடியது, ஆனால் வளைந்து கூடியது. நாற்பது நாள் படுக்கை. பழி யார்மேல் என்று யாரும் விசாரிக்கவே இல்லை. அது தானாகவே அவன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. "மாட்டு வண்டிக்காரனுக்கு மோட்டாரு பாரம் எப்புடித் தெரியும்" என்று கவுண்டர் சொன்னார். வண்டிக்காரர்களும் அதையே வேறு விதமாகச் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த நாற்பது நாளும் பொழுது சாய்வதற்குள் அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்டியில் நடந்ததையெல்லாம் சொல்வேன். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவேன். மாசாணியம்மாள் எனக்கும் சேர்த்துக் களி கிண்டுவாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்த நாட்களில் எனக்கு வீட்டுக்குப் போகவே மனம் வராது. நஞ்சம்மாள் போன பிறகு நான் நன்றாக இருந்த நாட்கள் அவைதான். அவன் கால் மெதுவாகக் கூடட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

அவனுக்கு ஒரே கேள்வி. "எதுல தப்பு உட்டேன் மாப்ளே? சட்டம் ரெண்டு விரலுக்குத் தூக்குச்சே. நீயே பாத்தியே?" தினமும் கேட்பான். நானும் தினமும் "ரோட்டுல குழி" என்பேன்.

கட்டு அவிழ்த்த அன்று போனபோது வாசலில் ஒரு மாட்டுத் தரகர் நின்றிருந்தார். மயிலைக்காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசாணியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"மாட்ட விக்கறாராம்" என்றாள் என்னிடம். "கால் நடக்குது. மத்தவிய மூட்ட தூக்கி வெச்சா வண்டி ஓட்டலாமுங்க. மாட்டேங்கறாரு. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா."

சென்னிமலை கட்டிலில் உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை கெட்டுப்போச்சு மாப்ளே" என்றான். "பாரம் தெரியாத கையி. நாளைக்கு மாட்டுக் கழுத்து முறிஞ்சுதுன்னா ஆரு பதில் சொல்றது? வித்துப்போடறேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. இருபது வருஷப் பேரையும் மாடுகளோடு சேர்த்து விற்கத் துணிந்துவிட்டான். தரகர் கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"உன்ற கையில ஒண்ணும் தப்பில்லே" என்றேன். "மாட்டு வண்டிக்கு நீ வெச்சது செரிதான். அந்தக் குட்டிக்குத்தான் ஆகாது. அதுக்கு முன்பாரம் வேணும். பட்டறைக்காரன் சொன்னான்."

"எப்பச் சொன்னான்?"

"வண்டி எடுக்கறப்பவே."

அவன் இடப்புருவம் ஏறியது.

"அப்ப, அன்னிக்கு நான் கேட்டப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும். சொன்னா எறங்கிப் போயிருவீன்னு பயந்துட்டேன். பக்கத்துல ஆளு வேணும்னு இருந்துச்சு மாப்ளே. வேற ஒண்ணும் இல்லே."

"எத்தன மூட்டை மாறியிருந்துச்சு?"

"ரெண்டு. பின்னால இருந்து ரெண்டு மூட்டைய முன்னால வெச்சிருந்தாப் போதும்."

"ரெண்டு மூட்டை" என்றான். காலைப் பார்த்தான். "ரெண்டு மூட்டைய நவுத்தறதுக்கு எத்தன நேரமாகும்?"

அவனுக்கும் எனக்கும் தெரிந்த கணக்குதான், வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது.

"நீ சொல்லியிருந்தா நான் கோவிச்சுட்டு எறங்கியிருப்பேன். நெசந்தான்" என்றான். "அரை மைல் நடந்திருப்பேன். நீ லாரிய ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தீன்னா, திரும்பி வந்திருப்பேன். நான் வேற எங்க போவேன்?"

பிறகு வாசல் பக்கம் திரும்பி, மாடு விற்கவில்லை, கயிற்றை விடுங்கள் என்று தரகரிடம் சொன்னான். மாசாணியம்மாளைக் கூப்பிட்டு, "டிரைவருக்குச் சோறு போடு, பொழுதாச்சு, அவிய ஊட்டுக்குப் போகோணும்" என்றான். எங்கள் பக்கத்தில் என்ன நடந்தாலும் வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். நான் சாப்பிட்டேன்.

மறுநாள் போனேன். அவர் தூங்கறாருங்க என்று மாசாணியம்மாள் வாசலிலேயே சொன்னாள். அதற்கடுத்த நாளும் தூங்கினான். மூன்றாவது நாளோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

கவுண்டரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் திட்டிவிட்டு, லாரி ஓட்ட வேறு ஆள் இல்லாததால் என்னையே வைத்துக்கொண்டார். தாட்டியமான பையன் ஒருவனைப் பார்க்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

சென்னிமலை மறுபடி வண்டி ஓட்டுகிறான். கால் விந்துகிறது. மூட்டையை மற்றவர்கள் தூக்குகிறார்கள், எங்கே வைப்பது என்று அவன் கையைக் காட்டுகிறான். எதிரே வரும்போது பார்க்கிறேன், மாடுகளின் கழுத்து எப்போதும் போலப் பளபளப்பாக இருக்கிறது. அவன் மேல் புழுதி படக் கூடாது என்று நான் லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிடுகிறேன். வண்டி கடந்து போகும்வரை கையை ஸ்டேரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் மாடுகளைப் பார்த்துக்கொண்டு போகிறான்.

பாரம் இப்போது நானே ஏற்றுகிறேன். முன்னால் ஆறு, பின்னால் நாலு. சட்டத்தை ஒருவனாகத் தூக்க முடிவதில்லை, இருக்க வேண்டிய கனம் அதுதான். ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு லாரியைப் பின்னால் எடுக்கிறேன். இறங்கிப் பார்க்கிறேன், விரல் அளவு தள்ளி நிற்கிறது. மறுபடி ஏறி முன்னால் எடுத்து மறுபடி பின்னால் வருகிறேன். கொக்கியில் வளையம் விழ நாலைந்து தடவையாகிறது. சங்கிலியை மாட்டிவிட்டு, சோற்றுப் போசியைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

டிரெய்லர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட ஆடவில்லை.